அப்பாவுக்குப் பயம் தெளிந்த கதை

எங்கள் அப்பா பயந்தாங்கொள்ளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோட்டூர்புரத்தில் ஆறு பொங்கி, எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது, மார்பளவு வெள்ளத்தில் இறங்கி இரண்டு கிழவிகளையும் ஒரு தையல் மெஷினையும் மேலே கொண்டுவந்து சேர்த்தவர் அவர். எல்லோரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே, அந்தச் சாக்கடைத் தண்ணீரில் என்னென்ன கிருமி மிதந்திருக்கும் என்ற நினைப்பு வந்து, மாடிப்படியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாராம். தண்ணீரோ பாம்போ அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளுமே, அதற்குத்தான் நடுங்கினார்.

அவர் செய்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் ஊரே வந்து அவர் முகத்துக்கு நேரே மூச்சு விடும். யாராவது ஒரு அம்மாள் புடவை முந்தானையில் தும்மிவிட்டால் அப்பா அதைச் சிரித்துக்கொண்டே மடித்து வைத்துவிட்டு, பின்பக்கம் போய் முழங்கை வரை சோப்புப் போடுவார். வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நாக்கை நீட்டுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்பாவுக்கு வெள்ளையாக இருந்த நாக்கும் பேய்தான், சிவப்பாக இருந்த நாக்கும் பேய்தான். தெருமுனை டாக்டர் அவரைக் கண்டதும் நாற்காலியைக்கூடக் காட்டமாட்டார். "இந்த வாரம் இன்னா வியாதி?" என்று நின்றபடியே விசாரித்து, நின்றபடியே அனுப்பிவிடுவார்.

அப்பா நம்பியது ஒரே ஒரு கருவியைத்தான். அது அம்மாவின் புறங்கை.

அம்மா வீட்டிலேயே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைப்பாள், ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைப்பாள். அவள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கும்போது அப்பா மெல்ல வந்து பக்கத்தில் குந்துவார். "கொஞ்சம் தொட்டுப் பாரு." அம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, புறங்கையை அவர் கழுத்தில் வைப்பாள். "ஜில்லுனு கீது. போ." அவ்வளவுதான், அப்பாவின் முகத்தில் ரத்தம் ஓடும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் இல்லை. அதன்மீது அப்பாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இது பெருகிப்போய், சோறு வடிக்கும்போதெல்லாம் அப்பா கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்கவும், அம்மா ஒரு சட்டம் போட்டாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் கேட்கக் கூடாது. கேட்டால், "கட மூடியாச்சுபா, சாயங்காலம் வா" என்று சொல்லிவிடுவாள். முதலில் அப்பா தவித்துத்தான் போனார். போகப் போக அந்த இரண்டு வேளைக்கும் நடுவில் கொஞ்சம் சிரிக்கவும், என்னோடு தாயம் ஆடவும் அவருக்கு நேரம் கிடைத்தது. படித்த டாக்டர் யாருக்கும் தோன்றாத வைத்தியம் என்று நான் அளக்கப்போவதில்லை. அம்மாவுக்குச் சமையல் ஆக வேண்டியிருந்தது.

அதோடு விடவில்லை. எங்கள் பிளாக் வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் உண்டு. இந்த மனுஷனுக்கு இந்தப் பயம் மட்டும் தெளிந்துவிட்டால் உனக்குச் சிதறு தேங்காய் உடைக்கிறேன் என்று அம்மா அவரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். நகை வேண்டும் என்றோ வீடு வேண்டும் என்றோ அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. "அந்தப் புள்ளையாரு தேங்காய்க்குக் காத்துக்கினே கெழவனாயிட்டாருக்கா" என்று மாமா கிண்டல் செய்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆட்டோ ஓட்டினார். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு. அப்பாவின் செருப்பை ஆணியில் மாட்டுவது, என் பென்சில் பெட்டியில் கரப்பான் பொம்மையை வைப்பது என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அம்மா திட்டுவாள், திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொரோனா வந்தது. ஊர் முழுவதும் எங்கள் அப்பாவாக மாறிவிட்டது. எல்லோரும் கை கழுவினார்கள், எல்லோரும் கதவுப் பிடியைத் துணியால் தொட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, சோப்பை எத்தனை நேரம் தேய்க்க வேண்டும் என்று அப்பாவிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கு ஒரே பெருமை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. கடை மூடிவிட்டது. அப்பா வாசற்படியைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். பால், ரேஷன், லாரித் தண்ணீர், கேஸ் என்று வெளியே போகிற வேலையெல்லாம் அம்மா தலையில் விழுந்தது. அவள் திரும்பி வரும்போது அப்பா உள்ளே நின்றபடி, சொம்பை எட்டப் பிடித்து அவள் கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவார். மாமா ஆட்டோவில் காய்கறி ஏற்றி விற்றதால் அவருக்கு வீட்டுக்குள் இடமே இல்லை. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டார். சாப்பாடும் காபியும் வாசற்படிக்கு வெளியே. மாமா அதையும் ஒரு கூத்தாக்கி, "ஐயா, சாமி, ஏழைக்கு ஒரு வாய் காபி" என்று தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்.

இரண்டாம் வருடம் நோய் திரும்பி வந்தபோது, அது வந்தால் முதலில் வாசனை போய்விடும் என்று யாரோ ஃபோனில் அனுப்பியிருந்தார்கள். அன்றையிலிருந்து அப்பா மோப்பம் பிடிக்க ஆரம்பித்தார். சோப்பு, காபித்தூள், விபூதி, கடைசியில் என் செருப்பு. மோந்து பார்த்த மூக்கு மரத்துப்போய் ஒன்றும் தெரியாமல் போக, அதற்கு ஒரு அழுகை. அம்மா பார்த்தாள். பழைய சட்டத்தையே தூசு தட்டி எடுத்தாள்.

அவளிடம் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சம்படங்கள் இரண்டு இருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டப்பாக்கள், ஒரே அச்சு. ஒன்றில் கட்டிப் பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டு வைத்திருப்பாள், மற்றதில் ஜாக்கெட் ஊக்கு. தினமும் காலையில் பெருங்காயச் சம்படத்தை எல்லோரும் ஒரு தடவை முகர வேண்டும். வாசனை வந்ததா? அன்றைய கணக்கு முடிந்தது, மறுநாள் காலைவரை மூக்கைப் பற்றிப் பேசக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டுதான் முகர வேண்டும் என்பது மட்டும் அப்பா சேர்த்த விதி. கண் பார்த்தால் மூக்கு ஏமாற்றுமாம். மூடியைத் திறக்கும் அம்மா முதலில், பிறகு நான், பிறகு அப்பா, கடைசியில் வாசலுக்கு வெளியே மாமா. பள்ளிக்கூடத்தில் பிரேயர் மாதிரி எங்கள் வீட்டில் பெருங்காயம். அப்பா நன்றாகத் தூங்க ஆரம்பித்தார்.

அந்த வாரத்தை இப்போது எண்ணிப் பார்க்கும்போது எல்லாம் தெரிகிறது. ரசத்தில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. அப்பா எல்லோருக்கும் முன்னால் குடித்து, "இன்னா வாசன, இன்னா வாசன!" என்று கொண்டாடினார். வாசனை தெரிகிற சந்தோஷம் அவருக்கு. அம்மா, அறையில் புழுக்கமாக இருக்கிறது என்று சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டாள். தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டாள். மிளகாய் நெடி என்றாள். காலையில் அப்பாவின் கழுத்தில் கை வைத்துவிட்டு, "ஐஸ் மாரி கீதுபா" என்று சொன்னாள். ஜில்லென்று இருந்த கழுத்து ஐஸாகவே ஆகிவிட்டதில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கை கொதித்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. ஊக்குச் சம்படத்தைக் காலி செய்து கழுவி, அதில் மேலோட்டமாகப் பார்த்தால் கட்டிப் பெருங்காயம் மாதிரியே இருக்கிற புளியங்கொட்டைகளைப் போட்டு, பெருங்காயம் இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும். அப்பா முகர்ந்து பார்த்து 'ஐயோ' என்று அலறும்போது, கண்ணைத் திறந்து பாருங்கள் என்று காட்ட வேண்டும். இத்தனை நாள் வாசலில் பிச்சை எடுத்ததற்குப் பழி. கொட்டைகள் என்னுடையவை, தாயம் ஆட வைத்திருந்தவை. இடம் மாற்றும் வேலையும் என்னுடையது. அசல் சம்படத்தை என் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சிரிப்பு வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்தபடி நின்றேன்.

அம்மா மூடியைத் திறந்தாள். கண்ணை மூடினாள். மாஸ்க்கை இறக்கி, மூக்குக்குக் கிட்டே வைத்து நன்றாக இழுத்தாள்.

"அப்பப்பா! இன்னிக்கு மூக்கத் தொளைக்குதுபா" என்றாள்.

எனக்குக் குடலே வெளியே வந்துவிடும்போல் சிரிப்பு. அம்மாவும் நம் கட்சி, புளியங்கொட்டையைப் பார்த்துவிட்டு அப்பாவை ஏமாற்ற அவளும் நடிக்கிறாள் என்று நினைத்தேன். வாசல் பக்கம் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். மாமா சிரிக்கவில்லை. கையில் இருந்த காபி டம்ளர் சாய்ந்து படியில் ஒழுகிக்கொண்டிருந்தது, அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

நான் முகர்ந்ததுபோல் பாவனை செய்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கையை நீட்டினார். அடுத்த நொடி மாமா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் கையிலிருந்து சம்படத்தைப் பிடுங்கிவிட்டார். மாதக்கணக்கில் அவர் கால் படாத தரை. அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கத்தினார். "டப்பா அழுக்கா கீது, தொடச்சி எடுத்தாறேன்" என்று சொல்லி, மாமா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், பாக்கெட்டிலிருந்த அசலை வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அப்பா முகர்ந்தார். வாசனை வந்தது. மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, டெட்டால் போட்டுத் தரையைத் துடைக்கப் போனார்.

என் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு மாமாமேல் கோபம். கேட்கலாம் என்று பின்னாலேயே போனேன். மாடிப்படித் திருப்பத்தில் அம்மாவும் மாமாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா கையில் அந்தப் புளியங்கொட்டைகள்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா" என்றார் மாமா.

"ரெண்டு நாள்ல சரியாப்பூடும். அவர்கிட்ட சொல்லாதடா. தாங்கமாட்டாரு."

புளியங்கொட்டை விஷயத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்ற நிம்மதியில் கீழே இறங்கி விளையாடப் போய்விட்டேன்.

சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். எங்கள் வீட்டுக்கு இன்னும் நாலைந்து படி இருக்கும்போது குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லப் பார்த்தாள்; சொல்ல மூச்சு போதவில்லை.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு படியைத் தாண்டினார். செருப்பு இல்லை, மாஸ்க் இல்லை, கையில் சொம்பு இல்லை. இறங்கி வந்து, அவள் உட்கார்ந்திருந்த அதே படியில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். தன் புறங்கையை அவள் கழுத்தில் வைத்தார். அதுவரை அப்பா யாருக்கும் அப்படித் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை.

"எத்தினி நாளா?" என்று கேட்டார்.

"நேத்துலேந்துதான்பா" என்றாள் அம்மா.

மாமா ஆட்டோவைப் பிளாக் வாசலுக்குக் கொண்டுவந்தார். ஒரு பையில் துண்டு, டம்ளர், ஃபோன் சார்ஜர் எல்லாம் எடுத்து வைத்து நான்தான் கீழே தூக்கிக்கொண்டு போனேன். கிட்டே வராதே என்று அம்மா எனக்குக் கையைக் காட்டினாள். ஆட்டோவில் அவளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அப்பாவும் ஏறப்போனார். மாமா தடுத்தார், பின்னால் வண்டி பிடித்து வாருங்கள் என்றார். அப்பா காதில் அது விழவில்லை. அப்போது அம்மா கையை நீட்டி அவர் கழுத்தில் வைத்தாள். வேளைதான் அது, சாயங்கால வேளை.

"ஜில்லுனு கீது. ஒனக்கு ஒண்ணுமில்ல. நீ ஏறாத, ஊட்டுக்குப் போ."

அப்பா ஏறிக்கொண்டார். பிள்ளையாரைத் தாண்டி ஆட்டோ திரும்புகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் அம்மாவைப் பார்த்தது.

ஆஸ்பத்திரிக்குள் அப்பாவை விடவில்லை. எதிரே நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரச் சொல்லி மாமா எவ்வளவோ கெஞ்சியும் வரவில்லை. அந்த நடைபாதையில், இருமுகிறவர்களுக்கும் அழுகிறவர்களுக்கும் நடுவில், யார் யாரோ கொடுத்த பொட்டலத்தை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாராம். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவரவும் விடவில்லை. அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அழுவதற்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எனக்கு இல்லை. மாமாவுக்கு இல்லை. அப்பாவுக்கும் இல்லை. எந்த நோய்க்காக அவர் ஆயுசெல்லாம் நடுங்கினாரோ, அவளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தும் அது அவரைச் சீண்டவில்லை. இல்லை என்று வந்த சீட்டை அப்பா படித்துக்கூடப் பார்க்காமல் கீழே வைத்தார்.

ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தது. அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்தார். மாஸ்க் போட்டுக்கொள்ள மறந்துவிடுவார். கடைக்காரர்தான் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வாராம். பஸ்ஸில் கம்பியை வெறும் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தபடியே உட்கார்ந்து, கை கழுவாமல் சோற்றைப் பிசைந்தார். டார்ச் பேட்டரி தீர்ந்து மூலையில் கிடந்தது. ஒரு நாள் காலையில் நான் பெருங்காயச் சம்படத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். "வேணாம்மா, உள்ள வை" என்றார். தைரியமாக அவர் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு அன்று ஒன்று புரிந்துபோனதாக நினைத்தேன். துள்ளிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"மாமா, அப்பாவுக்குப் பயமெல்லாம் தெளிஞ்சிடுச்சு. அம்மா வேண்டிக்கினது பலிச்சிடுச்சு. பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைக்கணும்."

மாமா என்னையே பார்த்தார். சிரிக்க வைக்கிற மாமா, ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். காசு செலவாகுமே என்று யோசிக்கிறார் என்று நினைத்து, என் உண்டியலிலிருந்து தருகிறேன் என்றேன். சாமி விஷயத்தில் பாக்கி வைக்கக் கூடாது, அம்மாவுக்குத்தான் பாவம் சேரும் என்று பெரிய மனுஷிபோல் எடுத்துச் சொன்னேன். அவர் இறங்கி, கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கிவந்தார். பிள்ளையார் முன்னால் நின்றுவிட்டு, "என்னால முடியாது பாப்பா, நீயே ஒட" என்று என் கையில் கொடுத்துவிட்டார். நான் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் சுக்குநூறாகச் சிதறியது. நல்ல சகுனம் என்று அங்கிருந்த பூக்கார அம்மாளும் சொன்னாள்.

மற்ற பிள்ளைகள் பொறுக்குவதற்குள் பெரிய சில்லாக ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அப்பா அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதற்காக உடைத்த தேங்காய் என்று மூச்சு வாங்கச் சொல்லி, அவர் கையில் வைத்தேன். தெருவில் விழுந்தது, ஒரு பக்கம் முழுக்க மண். பழைய அப்பாவாக இருந்தால் அந்தச் சில்லோடு என்னையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருப்பார்.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கழுவவில்லை. மண்ணைக்கூடத் தட்டவில்லை. அப்படியே வாயில் போட்டு, நறநறவென்று மென்று, மெதுவாக விழுங்கினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைப் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் குறை.